களத்துத் தூசியும் கமக்காரர் சுவாசப்பையும்

உலகத்துத் தொழில்கள் பலவற்றுள்ளும் கமத்தொழிலே உடல்நலத்துக்கு உகந்தது என்பது யாவரும் பொதுவாகக் கொண்டுள்ள எண்ணமாகும். நகரத்துப் புகையும் ஆலையின் இரைச்சலும் எட்டாத வெளியிலே, தூய காற்றையும் ஞாயிற்றின் ஒளியையும் பெற்று உழைப்பவனை நோய் எளிதில் அணுகாது என நாம் நம்புகின்றோம். சுரங்கத்தில் நிலக்கரி அகழ்பவனின் சுவாசப்பை கெடும் என்று கூறின் எவரும் வியப்பதில்லை. பருத்தியாலையில் வேலை செய்பவனுக்கு மூச்சு முட்டும் என்றாலும் ஏற்றுக்கொள்வர். ஆனால் நெற்களத்திலும் வைக்கோற் போரிலும் நிற்பவனுக்கும் அத்தகைய தீங்கு உண்டு என்றால், அதனை ஏற்கப் பலர் தயங்குவர். இத் தயக்கத்தினாலேயே கமக்காரரின் இருமல் நெடுங்காலம் நோய் என்னும் பெயரைப் பெறாது, தொழிலோடு ஒட்டிய ஓர் இயல்பெனவே கருதப்பட்டு வந்தது. அவ்விருமல் எவ்வாறு உண்டாகின்றது, அதன் காரணம் எங்ஙனம் கண்டறியப்பட்டது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை விளக்குதலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டையோர் கண்டவை

தானியத் தூசி தீங்கு விளைக்கும் என்னும் அறிவு புதியதன்று. சுவீடன் நாட்டுப் பேராயராகிய ஒலாவுஸ் மக்னுஸ் என்பார், வடநாட்டு மக்களைப் பற்றி எழுதி 1555 ஆம் ஆண்டில் உரோமாபுரியில் வெளியிட்ட நூலிலே இதனைக் குறிப்பிட்டுள்ளார். தானியத்திலிருந்து பதரை நீக்கும்போது ஏற்ற காற்று வீசும் வேளையை நோக்கவேண்டும் என்றும், இல்லையேல் மிக நுண்ணிய தூசி வாய்வழி புகுந்து தொண்டையிற் படிந்து உள்ளுறுப்புக்களைக் கெடுக்கும் என்றும் அவர் எச்சரித்தார். காற்றுப் பார்த்துத் தூற்றும் வழக்கம் நம் நாட்டுக் கமக்காரருக்கும் உரியதே. நெல்லையும் பதரையும் பிரிப்பதற்காகவே காற்று வேண்டும் என நாம் எண்ணுகின்றோம். தூற்றுவோனின் மூச்சைக் காப்பதும் அக்காற்றே என்பதனை அப்பெரியார் உணர்ந்திருந்தார்.

அவருக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டின் பின் வாழ்ந்தவர் இத்தாலிய வைத்தியராகிய பேர்ணார்டினோ றமற்சினி (1633–1714). தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றித் தனியே ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1700 ஆம் ஆண்டில் மொடெனா நகரில் வெளிவந்தது. அதன் விரிந்த பதிப்பு 1713 இல் வெளியாயிற்று. தானியத்தைச் சலிப்போரும் அளப்போரும் படும் துன்பத்துக்கு அந்நூலில் ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டுள்ளது. அவர்களுடைய தொண்டையும் சுவாசப்பையும் கண்களும் தூசியினால் வருந்துவதையும், உடலெங்கும் தினவு எடுப்பதையும், வேலை முடிந்தபின் அவர்கள் தம் தொழிலையே சபிப்பதையும் அவர் எடுத்துரைத்தார். உடலுக்கு உரமூட்டும் கோதுமையிலிருந்து இத்துணைக் கேடான தூசி எவ்வாறு எழுகின்றது என்று அவர் வியந்தார். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அதனுள் இருத்தல் கூடுமோ என்றும் ஐயுற்றார். நோயாளியை வினவும் வைத்தியன், பழைய நூல்கள் கூறிய வினாக்களோடு "நீ செய்யும் தொழில் யாது?" என்னும் வினாவையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்று விதித்தவரும் அவரே.

றமற்சினியின் ஐயம் சரியானதே என்பதை உலகம் தெளிவாக அறிவதற்கு மேலும் இரண்டரை நூற்றாண்டுகள் செல்லவேண்டியதாயிற்று. அவ்வரலாற்றைக் கூறுமுன் தூசியின் தன்மையைச் சிறிது நோக்குவோம்.

தூசியின் வகையும் அளவும்

தூசி என்பது ஒரு பொருளன்று. பல பொருள்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். உலர்ந்த நிலத்தை உழும்போது எழுவது மண் தூசி. மணற்பாங்கான நிலமாயின் அதிலே குவாட்சு எனப்படும் படிகச் சிலிக்காவும் கலந்திருக்கும். களத்தில் எழுவது பயிர்த் தூசி. உமித் துணுக்குகள், வைக்கோலின் சுணை, மகரந்தம், பூச்சிகளின் உடற்றுகள்கள், பூஞ்சணத்தின் வித்திகள், பற்றீரியாக்கள் ஆகிய பலவும் அதனுள் அடங்கும். மாட்டுத் தொழுவத்திலும் கோழிக்கூட்டிலும் உலர்ந்த எச்சமும் மயிரும் இறகும் தீவனத்துகளும் கலந்த வேறொரு தூசி உண்டு. இவை யாவும் ஒரே நிறமாய்த் தோன்றினும், சுவாசப்பையினுள் இவை செய்யும் வேலை ஒன்றன்று.

வகையைப் போலவே அளவும் முதன்மையானது. மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்கிரோமீற்றர் எனப்படும். மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோமீற்றர். 10 மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்ட துணிக்கைகளிற் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலுமே தடுக்கப்படுகின்றன. அவற்றிலும் சிறியவை மூச்சுக்குழாய்களை அடையும். அங்கே சளிப்படையில் அவை ஒட்டிக்கொள்ள, குழாயின் உட்புறத்திலுள்ள நுண்ணிய பிசிர்கள் இடையறாது அசைந்து அச்சளியை மேல்நோக்கித் தள்ளிவிடும். களத்தில் வேலை செய்தவன் மாலையிற் கரிய சளியைக் காறி உமிழ்வது இவ்வேற்பாட்டின் பயனேயாகும். ஆனால் 5 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகள் இக்காவல்களைக் கடந்து, குருதியும் காற்றும் ஒன்றையொன்று அணுகும் சிற்றறைகள் வரை செல்லவல்லன. அங்கே பிசிர்கள் இல்லை. தின்குழியங்கள் என்னும் உயிர்க்கலங்களே அவற்றை விழுங்கி அகற்றவேண்டும். அவை தம் ஆற்றலுக்கு மேற்பட்ட சுமையைப் பெறும்போதும், விழுங்கியும் செரிக்கவியலாத பொருளைப் பெறும்போதும் நோய் தொடங்குகின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். களத்திலே கண்ணையும் மூக்கையும் உறுத்தும் பருந்தூசி நமக்குத் தொல்லை தருவதாயினும், ஆழச் செல்வது அதுவன்று. ஆழச் செல்லும் நுண்தூசியோ கண்ணுக்குப் புலனாவதில்லை. பருந்தூசி அடங்கிய பின்னரும் காற்றில் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும்.

உலர்ந்த புல்லும் ஒரு நோயும்

நுண்தூசியின் இயல்பை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது, குளிர்நாட்டுக் கமக்காரரைப் பற்றிய நோயொன்றாகும். அந்நாடுகளிலே மாடுகளின் பனிக்கால உணவுக்காகக் கோடையிற் புல்லை அறுத்து உலர்த்திச் சாலைகளில் அடுக்கி வைப்பர். கோடையில் மழை மிகுமாயின் புல் செவ்வனே காயாது. ஈரத்தோடு அடுக்கப்பட்ட புல் உள்ளே வெம்மையுற்றுப் பூஞ்சணம் பற்றும். பனிக்காலத்தில் அதனைப் பிரித்து உதறி மாட்டுக்கு இடும் தொழிலாளி, மூடிய சாலையினுள்ளே வெண்புகை போல் எழும் தூசியை உட்கொள்கின்றான்.

1932 ஆம் ஆண்டில் காம்பெல் என்னும் வைத்தியர், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள வெஸ்மோர்லந்து என்னும் மாவட்டத்திலே பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட தொழிலாளருக்குக் கடும் மூச்சுத்திணறல் உண்டானதை விவரித்து எழுதினார். பின்னர் 1953 இல் புல்லர் என்னும் வைத்தியர் அந்நோயைப் பற்றி அதுவரை அறிந்தவற்றை ஒருங்கு தொகுத்து வெளியிட்டார். 'கமக்காரர் சுவாசப்பை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அந்நோய்க்கு நிலைபெற்றது.

அந்நோயின் போக்கு கருதத்தக்கது. தூசியை உட்கொண்ட அந்நேரத்தில் தொழிலாளிக்கு ஒன்றும் தோன்றாது. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, வீடு சென்று உணவருந்தி ஓய்ந்திருக்கும் வேளையில், குளிரும் காய்ச்சலும் வறட்டிருமலும் மூச்சுத்திணறலும் வந்துறும். ஓரிரு நாளில், அல்லது சில நாளில், அவை தாமே தணிந்துவிடும். காலையிற் செய்த வேலைக்கும் இரவில் வந்த காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை நோயாளி உணர்வதில்லை. தொழிலை வினவாத வைத்தியரும் உணர்வதில்லை. சளிச்சுரம் என்றோ சுவாசப்பை அழற்சி என்றோ எண்ணி மருந்து கொடுப்பர். அவன் தேறி மீண்டும் சாலைக்குச் செல்வான். நோய் மீண்டும் வரும். இவ்வாறு பலமுறை நிகழுமாயின் சிற்றறைகளின் சுவர் தடித்து வடுப்படும். வடுப்பட்ட சுவாசப்பை விரிந்து சுருங்கும் இயல்பை இழக்கும். அதன்பின் தூசியை முற்றாக விலக்கினும் இழந்த நலம் மீள்வதில்லை. தொடக்கத்திலேயே அறிந்து விலகியவனோ பெரும்பாலும் நலமே பெறுகின்றான். ஆதலின் இந்நோயிலே அறியாமையினாற் கழியும் ஒவ்வோர் ஆண்டும் பெருவிலை உடையதாகும்.

காரணத்தைக் கண்டறிந்தோர் இலண்டன் நகரத்து வைத்தியராகிய பெப்பிஸ் என்பாரும், றொதாம்ஸ்ரெட் கமத்தொழில் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கிரெகறி, லேசி முதலானோருமாவர். றொதாம்ஸ்ரெட் ஆராய்ச்சியாளர் வெவ்வேறு அளவு ஈரமுடைய புல்லைக் கட்டுக்களாகக் கட்டி வைத்து நோக்கினர். நூற்றுக்கு 16 பங்கு நீருள்ள புல் பெரிதும் கெடவில்லை. 25 பங்கு நீருள்ளது 45 பாகை செல்சியசு அளவுக்கு வெம்மையுற்றுப் பூஞ்சணம் பற்றியது. 40 பங்கு நீருள்ளதோ 60 பாகைக்கும் மேலாக வெம்மையுற்றது. அத்துணை வெப்பத்தில் ஏனைய உயிர்கள் பல மடிய, வெப்பத்தையே விரும்பும் ஒருவகைப் பற்றீரியாக்கள் இழையிழையாகப் படர்ந்து பெருகின. அவற்றின் வித்திகள் ஏறக்குறைய ஒரு மைக்கிரோமீற்றர் அளவினவே. சிற்றறை வரை செல்வதற்கு இதனினும் ஏற்ற அளவு வேண்டியதில்லை.

இவ்வுயிர்களிலிருந்து எடுக்கப்பட்ட சாற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் நோயாளரின் குருதியில் இருப்பதைப் பெப்பிஸ் குழுவினர் 1963 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அச்சாற்றைச் சிறிதளவு சுவாசித்த நோயாளருக்குச் சில மணி நேரத்தின் பின் அதே காய்ச்சலும் மூச்சுத்திணறலும் தோன்றின. ஆகவே இந்நோய் தொற்றுநோயன்று. வித்திகள் சுவாசப்பையில் வளர்வதுமில்லை. அவற்றை எதிர்க்க முயலும் உடலின் காவலே மிகையாகித் தன் வீட்டையே எரித்துவிடுகின்றது எனலாம். பிறபொருளெதிரி உடையோர் யாவரும் நோயுறுவதில்லை என்பதும் பின்னர் அறியப்பட்டது. கெட்ட புல்லை உதறும்போது சாலையின் காற்றிலே ஒரு கன மீற்றருக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட வித்திகள் மிதத்தல் கூடும் என்பதை அளவிட்டுக் காட்டியவர்களும் றொதாம்ஸ்ரெட் ஆராய்ச்சியாளரே. 1960களின் நடுவில் பிரித்தானிய அரசு இதனை ஈட்டுத்தொகை பெறத்தக்க தொழில்நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. கமக்காரனின் இருமலுக்குச் சட்டமும் ஒரு பெயரை வழங்கியது.

ஏனைய நோய்கள்

தூசியினால் வரும் நோய் இஃதொன்றே என மயங்குதல் கூடாது. தொய்வு என நாம் வழங்கும் ஆஸ்த்மா, தூசி பட்ட சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய்களைச் சுருக்கி இழுப்பை உண்டாக்குவது. நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, பல்லாண்டு தூசியை உட்கொண்டதனால் இருமலும் சளியுமாய் நிலைத்து நிற்பது. புகையிலைப் புகையும் சேருமாயின் இக்கேடு மிகும். மூன்றாவது, ஒருநாளிலேயே பெருமளவு பயிர்த்தூசியை உட்கொண்டவனுக்கு அன்றிரவே வரும் நச்சுக் காய்ச்சல். இது பற்றீரியாக்களின் உடற்சுவரிலுள்ள நச்சுப் பொருள் முதலியவற்றால் உண்டாவது. முன்பு தூசியோடு பழகாதவனுக்கும் வரும். 1980களிலேயே இது தனியொரு நோயென வேறுபடுத்தப்பட்டது. படிகச் சிலிக்கா நெடுங்காலம் சுவாசப்பையிற் சேர்ந்து உண்டாக்கும் வடு நான்காவது. சுரங்கத்துக்கே உரியதெனக் கருதப்பட்ட சிலிக்காத் தூசி, வறண்ட மணல் நிலத்தை உழுவோரையும் எட்டக்கூடியதே.

நெல்லும் நம் களமும்

நம் நாட்டிலே பனிக்காலத்துக்கெனப் புல்லைச் சாலையில் அடைக்கும் தேவை இல்லை. நம் தொழிலிற் பெரும்பகுதி திறந்த வெளியிலேயே நிகழ்கின்றது. எனினும் மேலே கூறிய நியதிகள் நெல்லுக்கும் பொருந்துவனவே. நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். உமியின் புறத்தே சிலிக்காவினால் உரம்பெற்ற நுண்மயிர்கள் உண்டு. அருவி வெட்டும் காலத்திலும் சூடு மிதிக்கும் காலத்திலும் உடலெங்கும் தினவு எடுப்பதும் கண் சிவப்பதும் அவற்றாலேயாம். உமியை எரித்த சாம்பலிலே பெரும்பகுதி சிலிக்காவே. உமியிலுள்ள சிலிக்கா படிகமாகாத நிலையில் உள்ளதாதலின் குவாட்சினும் கேடு குறைந்தது. மிகு வெப்பத்தில் எரியும்போது அது படிக நிலையை அடைதல் கூடும். நெல்லாலைத் தொழிலாளருக்குக் கண்ணிலும் தோலிலும் மூச்சுறுப்புக்களிலும் உண்டாகும் கேடுகளை மலேசிய நாட்டு ஆராய்ச்சியாளர் 1984 ஆம் ஆண்டில் ஒரு தொகுதியாக விவரித்துள்ளனர்.

அறுத்த கதிரைச் சூடாக அடுக்கி வைத்திருக்கும்போது காலந்தவறிய மழை பெய்யுமாயின் என்ன நிகழும் என்பதைக் கமக்காரர் நன்கறிவர். உள்ளே கை வைத்தால் வெம்மை தெரியும்; நெல் நிறம் மாறும்; பூஞ்சண நாற்றம் எழும். அவர்கள் வருந்துவது நெல்லின் விலை குறையுமே என்றுதான். ஆனால் நெல்லைக் கெடுத்த அவ்வெம்மையே வித்திகளைப் பெருக்குவதும் ஆகும். அச்சூட்டைப் பிரிப்பவன் நெல்லோடு தன் நலத்தையும் இழக்க நேரிடலாம்.

தொழின்முறை மாறும்போது தூசியும் மாறுகின்றது என்பதையும் நோக்கல் வேண்டும். எருமை கொண்டு சூடு மிதித்த காலத்தில் வேலை மெல்ல நடந்தது. காற்று வந்தபோதே தூற்றினர். உழவு இயந்திரமும் சூடடிக்கும் பொறியும் வந்தபின், பல நாள் வேலை சில மணி நேரத்துள் முடிகின்றது. பல நாளில் எழவேண்டிய தூசியும் அச்சில மணி நேரத்துள்ளேயே எழுகின்றது. அறுப்பதையும் அடிப்பதையும் ஒருங்கே செய்யும் பெரும்பொறிகளில், கண்ணாடியால் மூடிய அறையினுள் இருந்து ஓட்டுபவன் ஓரளவு காக்கப்படுகின்றான். பொறியின் பின்னே சாக்குப் பிடித்து நிற்பவனுக்கு அக்காவல் இல்லை.

தடுக்கும் வழி

தூசியினால் நோயுற்றவனுக்கு வைத்தியர் கூறும் முதல் அறிவுரை தூசியை விட்டு விலகுக என்பதே. ஆயின் கமக்காரனுக்கு அது நிலத்தை விட்டு விலகுக என்பதற்கு ஒப்பாகும். ஆலைத் தொழிலாளி வேறோர் ஆலைக்குப் போகலாம். தந்தையும் பாட்டனும் உழுத வயலை விட்டு அவன் எங்ஙனம் போவான்? ஆகவே மனிதனை விலக்குதலினும் தூசியைப் பிறக்கவிடாது தடுத்தலே அறிவுடைய வழியாகும். மேலே கூறிய ஆராய்ச்சியின் தலையாய பயனும் இதுவே. நோய் சுவாசப்பையில் வெளிப்படினும், அது உருவாவது புல்லும் நெல்லும் காயவேண்டிய அந்தச் சில நாட்களிலேயாம்.

முதலாவது, ஈரத்தை நீக்கல். நெல்லை நூற்றுக்கு 14 பங்கு ஈரத்துக்கு மேற்படாது உலர்த்திய பின்னரே சேமித்தல் வேண்டும். வைக்கோலையும் நன்கு காய்ந்தபின் போராக அடுக்கி மழை புகாது மூடுதல் வேண்டும். மேலைநாடுகளிலே புல்லுக்குள் காற்றைச் செலுத்தி உலர்த்துதலும், உலர்த்தாது காற்றுப் புகாதபடி பதப்படுத்தி வைத்தலும் பரவியபின் அந்நோய் குறைந்தது.

இரண்டாவது, தூசி எழும் இடத்தில் நிற்கும் முறை. காற்று வீசும் திசைக்கு மேற்புறமாக நிற்றலும், மூடிய கொட்டிலினுள் வைக்கோலை உதறாது வெளியிலே உதறுதலும், கெட்ட வைக்கோலை அசைக்குமுன் நீர் தெளித்தலும் செலவில்லாத காவல்களாகும்.

மூன்றாவது, முகத்திரை. தலைப்பாகைச் சீலையை வாயிலும் மூக்கிலும் சுற்றிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலத்தது. அது உமித்துணுக்கையும் சுணையையும் தடுக்கும். சீலையின் இழைகளுக்கிடையேயுள்ள துளைகள் வித்தியினும் பன்மடங்கு பெரியவையாதலின், நுண்தூசியை அது போதியவாறு தடுப்பதில்லை. நுண்துணிக்கைகளில் நூற்றுக்கு 95 பங்கேனும் தடுக்கவல்ல முகக்கவசங்கள் இன்று கிடைக்கின்றன. அவையும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினாலன்றிப் பயன் தாரா. கெட்ட வைக்கோலைப் பிரித்தல், பூஞ்சணம் பிடித்த களஞ்சியத்தைத் துப்புரவாக்கல் ஆகிய வேலைகளுக்கேனும் அவற்றை அணிதல் கடனாகும்.

நான்காவது, காலத்தோடு அறிதல். களத்து வேலை செய்த இரவுகளில் மாத்திரம் காய்ச்சல் வருவதும், வேலையில்லாத வாரங்களில் மூச்சு எளிதாவதும், அருவி வெட்டுக் காலந்தோறும் இருமல் மீள்வதும் கவனிக்கத்தக்க குறிகளாம். இவற்றை நாட்குறிப்பாக எழுதி வைத்தியரிடம் காட்டுதல் பல சோதனைகளினும் பயன் தரும்.

இவ்விடத்தே கற்றோரின் கடமை ஒன்று உண்டு. எம் கல்லூரியிற் பயிலும் மாணவரிற் பலர் கமக்காரரின் மைந்தர். பழைய மாணவரிற் சிலர் வைத்தியராகவும் பலர் ஆசிரியராகவும் உள்ளனர். ஆலையிலே நோயுற்ற தொழிலாளிக்கு அவ்வாலையின் பதிவேடு சான்று கூறும். தன் வயலிலே நோயுற்றவனுக்கு எப்பதிவேடும் இல்லை; அவன் இருமல் அவன் வீட்டாருக்கு மாத்திரமே கேட்கின்றது. அவ்வீட்டாருள் ஒருவர், இவ்விருமல் எந்த வேலைக்குப் பின் வந்தது, எத்தனை மணி நேரம் கழித்து வந்தது என்று கேட்பாராயின், றமற்சினி வைத்தியருக்கு விதித்த வினா அவ்வீட்டிலேயே கேட்கப்பட்டதாகும். அவ்வினாவுக்குரிய விடை, சுவாசப்பை வடுப்படுமுன்னரே கிடைத்தல் வேண்டும்.